கால் சொல்லாத சூடு

வானொலியில் வானிலை அறிவிப்பை நான் பல முறை படித்திருக்கிறேன். "கேமரன் மலையில் இன்றிரவு 15 டிகிரி" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டுவிடுவேன். அந்த 15 டிகிரி எப்படி இருக்கும் என்பது ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், என் அத்தை வீட்டில் ஒரு ராத்திரி படுத்தால்தான் தெரியும். பலகைச் சுவர், தகரக் கூரை, சிமெண்டுத் தரை. மழை மாதங்களில் மெத்தையே ஈரத்துணி மாதிரி சில்லென்று இருக்கும். நம் நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையும் கேமரன் மலையில்தான்: 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி, 7.8 டிகிரி.

அத்தைக்கு 68 வயது. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். இப்போது தோட்டத்தில் வேலை செய்யும் மகனோடு அதே லயத்து வீட்டில் இருக்கிறார். போன டிசம்பரில் அவருக்கு ஒரு கரண்ட் கம்பளி வாங்கிக்கொண்டு போனேன். "இனிமே ராத்திரி பூரா சூடா தூங்கலாம் அத்தை" என்று நானே மெத்தையில் விரித்து, நானே சுவிட்சையும் போட்டுக் கொடுத்தேன். அந்த 'ராத்திரி பூரா'தான் நான் செய்த தப்பு.

காலையில் அவர் குதிகாலுக்கு மேலே இருபது காசு அளவில் ஒரு கொப்புளம். பார்த்தது நான்தான், அவர் இல்லை. "வலிக்கவே இல்லியே பாப்பா" என்றார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கிளினிக்கில் மிஸ்ஸி கேட்ட முதல் கேள்வி, "இனிப்பு நீர் இருக்கா?" இருக்கிறது, பல வருடமாக. இனிப்பு நீர் நாள்பட்டுப் போனால் பாதத்தின் நரம்புகள் மரத்துப் போகலாம். சூடு பட்டதும் நாமெல்லாம் தூக்கத்திலேயே காலை இழுத்துக்கொள்கிறோமே, அந்தச் செய்தி அவர்களுக்குப் போய்ச் சேராது. சுடுவதற்குக் கொதிக்கும் சூடு வேண்டும் என்பதும் இல்லை. 44 டிகிரி சூடு தோலில் ஒரே இடத்தில் சுமார் 6 மணி நேரம் பட்டாலே புண்ணாகிவிடும் என்று 1940-களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கொஞ்சம் சூடாக வைத்த குளிக்கிற வெந்நீர் அளவுதான் அது. ஒரு ராத்திரித் தூக்கம் அதற்குப் போதும்.

அந்தச் சின்னக் கொப்புளம் ஆற ஆறு வாரம் ஆனது. நம் நாட்டுச் சுகாதார ஆய்வுகளில் இந்தியர்களிடம்தான் இனிப்பு நீர் அதிகம் என்று திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே இது என் அத்தையின் கதை மட்டும் இல்லை. மலையில் அப்பா அம்மாவை விட்டுவிட்டுக் கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் வேலை பார்க்கும் நம்மில் பலருடைய கதை.

"அப்ப கரண்ட் கம்பளியே வேணாமா?" என்று கேட்காதீர்கள். வேண்டும். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துக் குளிர் காய்வதைவிட இது எவ்வளவோ மேல். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் அப்படித் தூங்கியவர்கள் விஷவாயுவால் இறந்துபோன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். கம்பளியை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் விஷயம். மிஸ்ஸி ஒரே வரியில் சொன்னார்: "படுக்கைய சூடாக்குங்க, ஆள சூடாக்காதீங்க."

படுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் சுவிட்சைப் போட வேண்டும். மேலே சாதாரணக் கம்பளியை மூடி வைத்தால் சூடு வெளியே போகாது. படுக்கப் போகும்போது சுவிட்சை அடைத்து, பிளக்கையும் கழற்றிவிட வேண்டும். காய்ந்த காலுறை போட்டுக்கொண்டு படுத்தால் அந்தச் சூடே தூக்கம் வரும்வரை தாங்கும். அத்தை இப்போது அப்படித்தான் தூங்குகிறார்.

விரிக்கும்போது மெத்தைக்கும் விரிப்புக்கும் நடுவில் சுருக்கமில்லாமல் விரியுங்கள். மடிந்த இடத்தில் சூடு தேங்கும், உள்ளே இருக்கும் கம்பியும் ஒடியும். ஊசி குத்தாதீர்கள். வெந்நீர்ப் பையைச் சேர்த்து வைக்காதீர்கள். மலையில் எல்லாமே ஈரம்தான். ஆனால் ஈரமான கம்பளியைக் காய வைக்க அதன் சுவிட்சையே போடக் கூடாது. எடுத்து வைக்கும்போது மடிக்காமல் தளர்வாகச் சுருட்டுங்கள். கருகிய தடமோ, தேய்ந்த வயரோ தெரிந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். கைக்குழந்தைக்கும், தானாகச் சுவிட்சை அடைக்க முடியாமல் படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் இது வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றும் அந்தப் பயணத்தில்தான் கண்ணில் பட்டது. அத்தையின் கம்பளியைப் பார்த்துவிட்டு, அடுத்த வீட்டு மாமா தன்னுடையதைக் கொண்டுவந்து காட்டினார். பண்டல் கடையில் இருபது வெள்ளிக்கு வாங்கிய ஜப்பான் சாமான். புதுசு மாதிரி இருந்தது. இரண்டு தட்டைக் கால் பிளக்கில் ஒரு அடாப்டர் மாட்டி, "இன்னிக்கு ராத்திரி போட்டுப் பாக்கப் போறேன்" என்றார். ஓரத்தில் இருந்த சின்னச் சீட்டைப் புரட்டிப் பார்த்தேன். 100 வோல்ட் என்று போட்டிருந்தது.

ஜப்பான் வீடுகளில் வருவது 100 வோல்ட். நம் வீட்டில் வருவது சுமார் 240. அந்த அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. மின்சாரம் 2.4 மடங்கு ஏறினால் சூடு 2.4 மடங்கோடு நிற்காது. கணக்குப்படி கிட்டத்தட்ட ஆறு மடங்கு ஆகும். 60 வாட் கம்பளி 350 வாட்டை நெருங்கிவிடும், அதுவும் பஞ்சு மெத்தைக்கு மேலே, பலகை வீட்டில். மாமா ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு வயரை வெட்டிவிட்டு, "சாதாரணக் கம்பளியா போத்திக்கிறேன் போ" என்றார்.

பழைய சாமான் வாங்குகிறவர்கள் முதலில் அந்தச் சீட்டைத் தேடுங்கள். 220-240 வோல்ட் என்று இருக்க வேண்டும். சீட்டே இல்லையென்றால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வாங்கியதை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். கெட்டிலும் சோறு பானையும் தொங்கும் எக்ஸ்டென்ஷனில் இதையும் சேர்க்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலே, மலையில் இருக்கும் உங்கள் பெரியவர்களின் பாதத்தை அடுத்த முறை போகும்போது ஒரு தடவை பாருங்கள். அடியில், விரல் இடுக்கில், குதிகாலில். கண்ணை மூடச் சொல்லி விரலால் மெதுவாகத் தொட்டு, "தெரியுதா?" என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் கம்பளி வாங்குவதற்கு முன்னால் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். புண் இருந்தால் டூத்பேஸ்ட் தடவிக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம்.

நான் பரிசு கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். இப்போது இரவு நிகழ்ச்சிக்குப் போகும் முன் தினமும் ஒரு போன்.

"அத்தை, சுவிட்ச அடச்சிட்டீங்களா?"

"அடச்சிட்டேன் பாப்பா. காலையும் பாத்துட்டேன். நீ போயி பாட்டப் போடு."