இலச்சினை யாருக்குச் சொந்தம்?



அத்தர்க் கடை தொடங்கவிருக்கும் சகோதரர் ஒருவர், நண்பரான ஓவியரிடம் வரைந்து வாங்கிய இலச்சினையை மகிழ்வுடன் காட்டினார். "உரிமையை எழுதி வாங்கினீர்களா?" என வினவினேன். "கூலிதான் கொடுத்துவிட்டேனே!" என்றார்.

கூலி மட்டும் போதாது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, இத்தகைய இலச்சினைக்குப் பொதுவாக வரைந்தவரே முதல் உரிமையாளர். அவர் கையொப்பமிட்டு எழுதித் தந்தால்தான் உரிமை உங்களுக்கு மாறும். அதில் கால அளவு குறிப்பிடாவிடில், 5 ஆண்டுகளுக்கே அது செல்லும்.

பின்னர் அதனை வணிகச் சின்னமாகவும் பதிவு செய்யுங்கள். 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம்.

நண்பரிடம் எழுதிக் கேட்பதெப்படி எனக் கூச்சப்படாதீர்கள். கடை வளர்ந்தபின் எழும் வழக்கு, நட்பையும் சேர்த்தே அழித்துவிடும். கூலி கொடுக்கும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள்!