ஓதத்துக்கு சிமெண்ட் மருந்தல்ல

செட்டிநாட்டு வீடுகளின் அழிவைப் பற்றிப் பேச்செடுத்தாலே, வீட்டை இடித்துத் தேக்குத் தூண்களையும் நிலைக்கதவுகளையும் பழம்பொருள் கடைக்கு விற்பவர்கள் மீதுதான் கோபம் பாய்கிறது. அது நியாயமான கோபம்தான். ஆனால், பாட்டன் கட்டிய வீட்டை விற்க மனமில்லாமல், கைக்காசைப் போட்டுப் பழுதுபார்ப்பவர்களும் அதே வீடுகளை மெல்ல அழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழுந்த சுவர், தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதைச் சுண்ணாம்புப் பூச்சின் வழியாகவே காற்றில் விட்டுவிடும். சுவரில் ஓதம் தெரிந்ததும், இடுப்பளவுக்குப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசுவது இன்று வழக்கமாகிவிட்டது. வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறுகிறது. சில மழைக்காலம் போனால், சிமெண்ட் பட்டைக்கு மேல் பெயின்ட் கொப்பளிக்கிறது, உப்புப் பூக்கிறது, விரல் பட்டாலே செங்கல் மாவாக உதிர்கிறது. உடனே சிமெண்ட்டை ஆளுயரத்துக்கு ஏற்றுகிறார்கள். ஓதமும் கூடவே ஏறுகிறது.

மாடியிலும் இதே கதைதான். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு பதித்தது மெட்ராஸ் டெரஸ். அது ஒழுகினால் தட்டோட்டின் இணைப்புகளைச் சுரண்டி மீண்டும் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும். அதற்கு ஆள் கிடைக்காததால் மேலே கான்கிரீட் போடுகிறார்கள். கட்டைகளுக்குப் பாரம் கூடுகிறது; உள்ளே இறங்கிய நீர் கண்ணில் படாமலே சுவருக்குள் புதைந்த கட்டை நுனிகளை உளுக்க வைக்கிறது.

அதற்காகப் பழைய வீட்டில் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பதில்லை. பர்மா தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் கப்பலில் வரவழைத்துக் கட்டியவர்கள், தங்கள் காலத்தின் புதுமைகளுக்குக் கதவடைத்தவர்கள் அல்லர். இன்று மரபின் அடையாளமாகக் கொண்டாடப்படும் ஆத்தங்குடிக் கல்லே சிமெண்ட்டில் வார்ப்பதுதான். முதியவர்களுக்கு மேலைநாட்டுக் கழிவறை வேண்டும். பிள்ளைகளுக்கு ஏசி வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்று சேர்ப்பதை நாளை சேதமின்றிக் கழற்ற முடியுமா? கழிவறையைப் பின்கட்டில் தனியாகக் கட்டலாம். மின்கம்பிகளைச் சுவரைக் கொத்தாமல் வெளியே குழாயில் கொண்டுபோகலாம். குரங்குக்கும் திருடனுக்கும் பயந்தால் முற்றத்துக்குக் கம்பி வலை போதும். பிளாஸ்டிக் தகடு போட்டு மூடினால் சூடேறிய காற்று வெளியேற வழியின்றி வீடு புழுங்கும்.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும், வாசலில் அரசு நிற்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, படியேறிப் போன திண்ணை வீடுகளுக்குள் இன்று படியிறங்கிப் போகிறோம். தெருத் தண்ணீர் அடித்தளத்தில் தேங்கினால் எந்தச் சுண்ணாம்பும் காப்பாற்றாது. சுரண்டிவிட்டே சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். அதைக் கறாராக நடைமுறைப்படுத்துவது, எத்தனையோ மரபு விழாக்களைவிடப் பயன் தரும்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. பட்டியலில் ஏறும் கட்டடங்களுக்கு இவை துணை நிற்கலாம். எந்தப் பட்டியலிலும் ஏறாத சாதாரண ஓட்டு வீடுகளுக்கும் மச்சு வீடுகளுக்கும் என்ன வழி? புதுச்சேரி வைசியாள் வீதியில், ஐரோப்பிய ஒன்றிய நிதியோடும் 'இன்டாக்' மரபுப் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டுதலோடும் திண்ணையும் தாழ்வாரமுமாக வீட்டு முகப்புகள் மீட்கப்பட்டன. தனியார் வீடுகளின் பராமரிப்பில் பொதுப்பணம் பங்கேற்கலாம் என்பதற்கு அது முன்னுதாரணம். ஆனால், முகப்போடு நிற்கும் உதவி தெருவில் போகிறவருக்குத்தான் அழகு காட்டும். குடியிருப்பவரின் தலைக்கு மேல் ஒழுகுவது நிற்காது.

அரசு செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை ஆசிரியர்களாக்கித் தொழிற்பயிற்சி நிலையங்களில் அந்த வேலையைப் பாடமாக்க வேண்டும். பங்காளிகள் பலருக்கும் பாத்தியப்பட்ட வீட்டுக்கும் கூரையைப் பழுதுபார்க்கக் கடன் கிடைக்க வழி செய்ய வேண்டும். இதெல்லாம் நடக்கும்வரை, பழைய வீடு வைத்திருப்பவர்கள் தாங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு: சுண்ணாம்பைக் கையால் குழைத்துப் பழகிய ஒருவரைத் தேடிப் பிடிக்கும்வரை, சிமெண்ட் மூட்டையை வாசலோடு நிறுத்துவது.