சுவிற்சர்லாந்தின் அணுமின் கேள்வியும் எமது இளையோரின் வாக்கும்



சுவிற்சர்லாந்தில் அணுமின் நிலையங்களிலிருந்து 50 கிலோமீற்றர் தூரத்திற்குள் வாழும் குடும்பங்களுக்கு அயடின் மாத்திரைகள் இலவசமாகத் தபாலில் அனுப்பப்படுகின்றன. சூரிச், பேர்ன், பாசல் நகரங்களில் வாழும் எம்மவர் வீடுகளிலும் அப்பொதி ஏதோவொரு லாச்சிக்குள் கிடக்கக்கூடும். ஆயினும், அணுமின் விவாதத்தை 'வெள்ளைக்காரரின் பிரச்சினை' என ஒதுக்குவோர் எம்மிடையே பலர்.

புக்குசிமா விபத்து நிகழ்ந்த 2011 ஆம் ஆண்டிலேயே, புதிய அணுவுலைகளை அமைப்பதில்லை என சுவிஸ் அரசு தீர்மானித்தது. 2017 மே மாத வாக்கெடுப்பில் 58.2 வீதத்தினர் அத்தடையை உள்ளடக்கிய சட்டத்தை ஏற்றனர். ஆனால் 2024 ஆகஸ்டில், தடையை நீக்க விரும்புவதாக அதே அரசு அறிவித்தது. உக்ரெய்ன் போரும் குளிர்கால மின் தட்டுப்பாடு குறித்த அச்சமும் காற்றைத் திசைமாற்றிவிட்டன.

மக்கள் தடுமாறுகின்றனர் என்று சிலர் எள்ளுவர். வாக்குப் பதிவுகளோ வேறு கதை சொல்கின்றன. 1990 இல் ஒரே நாளில் இரு கேள்விகள் கேட்கப்பட்டன. அணுமின்னை முற்றாகக் கைவிடுவதை மக்கள் நிராகரித்தனர்; புதிய உலைகளைப் பத்தாண்டுகள் நிறுத்திவைப்பதை 54.5 வீதத்தினர் ஏற்றனர். 2016 இல், இயங்கும் உலைகளை விரைந்து மூடும் யோசனையை 54.2 வீதத்தினர் நிராகரித்தனர்; ஆறே மாதத்தில் புதியவற்றுக்குத் தடை விதித்தனர். இருப்பது ஓடட்டும், புதியது வேண்டாம் என்பதே அது. கருத்துக்கணிப்பில் வெறுமனே 'ஆதரிக்கிறீர்களா?' என்று கேட்டால் இந்த நுணுக்கம் அகப்படாது.

1969 இல் இயங்கத் தொடங்கிய பெஸ்னாவ் முதலாம் உலையை 2033 இல் மூடப்போவதாக அதன் நிறுவனம் அறிவித்துள்ளது. அவ்விடைவெளியைப் புதிய உலை நிரப்புமா? பொறியியல் படித்தவன் என்ற வகையில் எமக்கு ஐயமே. பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ மூன்றாம் உலைப் பணி தொடங்கியது 2005 இல். வழமையான உற்பத்திக்கு அது வந்தது 2023 இல். கழிவைப் புதைக்க 2022 இல் தெரிவான சூரிச் மாநில நிலத்தடிக் களஞ்சியமும் இன்னும் கட்டப்படவில்லை.

நாடாளுமன்றம் தடையை நீக்கினாலும், 100 நாட்களுக்குள் 50,000 கையொப்பங்கள் சேர்ந்தால் மக்களே இறுதியாகத் தீர்மானிப்பர். குடியுரிமையற்ற பெற்றோருக்கு அதில் வாக்கில்லை. இங்கு பிறந்து குடியுரிமை பெற்ற பிள்ளைகளுக்கு உண்டு. வாக்குச்சீட்டுடன் வரும் விளக்கக் கைநூல் தமிழில் வராது. அதைப் பெற்றோருக்குத் தமிழில் வாசித்து விளக்கும் பணி இளையோருடையது. அதன் பின்னரே உறையை ஒட்டுங்கள்.