தராசுக்கு முத்திரை போடுங்கள், ஆளை விரட்டாதீர்கள்

பழைய பேப்பர்காரர் எடையில் ஏமாற்றுகிறார், சொன்ன நாளில் வருவதில்லை. அவருக்குப் பதில் செயலியில் பதிவு செய்தால் போதும், வண்டி வாசலுக்கே வரும் என்கிறார் நண்பர். சென்னை முழுவதும் அப்படித்தான் வேண்டுமாம்.

எடையில் கை வைப்பது உண்மைதான். பேப்பர் கட்டைக் கொக்கியில் மாட்டி, கீழே முழங்காலால் லேசாக முட்டுக் கொடுத்தால் கிலோக்கணக்கில் காணாமல் போகும். ஆனால் அதற்குச் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009 இருக்கிறதே! மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரையிட வேண்டும்; முட்டுக் கொடுக்காமல் நிறுக்கிறாரா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். அதைக் கேட்காமல் ஆளையே மாற்றச் சொல்வது என்ன நியாயம்?

வசதி என்றால் யாருக்கு? லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு ஏறி, செய்தித்தாள், நோட்டு, அட்டை என்று தரையில் உட்கார்ந்து பிரித்து, கையோடு காசு கொடுத்துவிட்டு மீன்பாடி வண்டியில் ஏற்றிப் போகிறவர் அவர். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்குச் செயலி எதற்கு?

சொன்ன நாளில் அவர் வராததும் குறைதான்; அதனால் பேப்பர் வீணாவது குப்பைத் தொட்டியில்தான். சாம்பார் ஊறிய காகிதத்தை எந்தக் காயலான் கடையும் வாங்காது. நாள் தெரியாததால்தான் பலர் தொட்டியில் போடுகிறார்கள். தெருவுக்கு ஒரு நாள் குறித்து, பேப்பர்காரரின் போன் எண்ணைக் குடியிருப்புப் பலகையில் எழுதுங்கள். குப்பை பொறுக்குவோரையும் பழைய பொருள் வாங்குவோரையும் கழிவு மேலாண்மை அமைப்புக்குள் சேர்க்கும்படி திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-லேயே சொல்லிவிட்டன. மாநகராட்சி முதலில் அதைச் செய்யட்டும்.