பழைய காரும் புதிய இயந்திரமும்

பழைய மோட்டார்க் காருக்கு வேற்று இயந்திரம் பூட்டுவது, மூதாதையர் எடுத்த கோயிலின் கருவறையை இடித்துச் சீமெந்தினாற் கட்டுவதை ஒக்கும் என்பது நம்மவரிற் சிலரது கொள்கை. வெளித்தகடு மினுங்கவேண்டும், ஆசனத்துக்குப் புதுத்தோல் போடவேண்டும், ஆனால் இயந்திரத்தை மட்டும் தொடலாகாது என்பர். இக்கொள்கை தலைகீழானது என்பது எனது துணிபு. யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் ஓடுகின்ற மொறிஸ் மைனர்க் காரைப் பொறுத்தவரை, மாற்றத்தக்கது இயந்திரமே. கைவைக்குமுன் பத்துத்தடவை யோசிக்கவேண்டியது காரின் உட்புறம்.

மைனரின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் இக்காரை வகுத்தபோது அதற்கென எண்ணியது, சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் தட்டை இயந்திரம். அது கைகூடவில்லை. 1948ஆம் ஆண்டு இலண்டனிலே ஏள்ஸ் கோட் கண்காட்சியில் மைனர் உலகுக்கு முகங்காட்டியபோது அதன் மூக்கினுள் இருந்தது, போருக்கு முந்திய மொறிஸ் எயிற் காரின் வழிவந்த 918 கன சென்ரிமீற்றர்ப் பக்கவால்வு இயந்திரம். 1952இல் மொறிசும் ஒஸ்ரினும் ஒரே நிறுவனமாக இணைந்தன. இணைந்ததும், நேற்றுவரை போட்டியாளராயிருந்த ஒஸ்ரினின் 803 கன சென்ரிமீற்றர் இயந்திரம் மைனருக்குள் குடிபுகுந்தது. 1956இல் அது 948 ஆயிற்று. 1962இல் 1098 ஆயிற்று. பெற்றவர்களே இத்தனை தடவை மாற்றிய உறுப்பை நாம் தொட்டால் மட்டும் தீட்டுப்படுமா?

இயந்திரம் மட்டுமன்று. கார் ஒடுங்கலாயிருக்கிறதென்று கண்ட இசிகோனிஸ், மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாய் அறுத்து நான்கு அங்குலம் அகட்டிப் பார்த்தார். அந்த அகலமே நிலைத்தது. முன்கூட்டியே செய்துவிட்ட பம்பர்களை வீணாக்க மனமின்றி அவற்றையும் நடுவே வெட்டி ஒட்டுத்துண்டு வைத்துச் சமாளித்தனர். தம் நிறுவனத்தின் இந்தப் புதுக்காரை நஃபீல்ட் பிரபு முட்டையென்று இகழ்ந்தாராம். அவர் இகழ்ந்த கார் பதினாறு இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. ஒட்டும் வெட்டும் மைனருக்குப் பிறவிக்குணம்.

ஆயினும் எதிர்த்தரப்பாரிடம் ஒரு வாதம் உண்டு. அதனை நான் இலேசாகத் தள்ளிவிடமாட்டேன். 1990இல் வடபகுதிமீது பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் காணாப்பொருள் ஆயிற்று. அப்போது எம்மைக் காத்தவை இந்தப் பழைய பிரித்தானிய இயந்திரங்களே. அமுக்கவிகிதம் குறைந்த இயந்திரங்கள் அவை. ஆதலால் மண்ணெண்ணெயையும் ஒருவாறு ஏற்றுக்கொண்டன. கார்ப்புரேற்றருக்குச் சில துளி பெற்றோல் காட்டிக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். வெண்புகை கக்கிக்கொண்டு, தெருவெல்லாம் குப்பிவிளக்கு நாற்றம் பரப்பிக்கொண்டு அவை ஓடின. பிள்ளைப்பேற்றுக்கு ஓடின; செத்தவீட்டுக்கும் ஓடின. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, கூரைமேல் பாயும் தலையணையுமாக அவை சனத்தோடு சனமாய் ஊர்ந்தன. இவ்வாறு உழைத்த இயந்திரத்தையா கழற்றி எறிவது என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே.

ஆனால் அந்த உழைப்பே அந்த இயந்திரத்தைத் தின்றுவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். முழுவதும் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் வழிந்து, அங்குள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். அடியில் இருக்கும் என்ஜின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். வளையங்களும் பெயாரிங்குகளும் ஆண்டுக்கணக்கில் அவ்வாறே தேய்ந்தன. எனது நண்பர், இளைப்பாறிய ஆசிரியர், தம் மைனரைக் கராச்சுக்குக் கொண்டுசென்றபோது, இயந்திரத்தைப் பிரித்துப்பார்த்த முதிய மெக்கானிக் சொன்னது இது: “மாஸ்ரர், மனுசனுக்கு மண்ணெண்ணெய் பருக்கினால் எத்தினை நாள் தாங்குவான்? இது அஞ்சு வரியம் தாங்கினது. இனி இதை விடுங்கோ.”

அந்தக் காருக்கு நிசான் சன்னியின் இயந்திரமும் ஐந்து கியர்ப் பெட்டியும் பூட்டப்பட்டன. இலங்கையிலே மைனர் வைத்திருப்போர் பலர் நாடுவது இதனையே. காரணம் வெறும் மலிவன்று. பழைய இயந்திரத்தின் சுழல்தண்டை மூன்று பெயாரிங்குகள் தாங்குகின்றன, நிசானில் ஐந்து. கண்டி வீதியில் நெடுந்தூரம் ஒரே வேகத்தில் ஓடும்போது வேறுபாடு காதுக்கும் தெரியும், பெற்றோற் கணக்குக்கும் தெரியும். 2022இல் காரொன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து ஊற்றிய நாட்களைக் கண்டவர்கள் இந்தக் கணக்கை அற்பமென்று சொல்லார். 2020 மார்ச்சு முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் கார்களின் இறக்குமதி அடைபட்டுக் கிடந்தமையால், வீட்டிலிருக்கும் பழசை ஓடவைப்பதன்றி வேறு வழியற்றிருந்த குடும்பங்களும் பல.

ஒரு சிறு வேடிக்கையையும் இங்கே கூறிவிடுகிறேன். 1952இல் நிசான் நிறுவனத்தார் ஒஸ்ரினுடன் உடன்படிக்கை செய்து, ஒஸ்ரின் கார்களை யப்பானிலே கட்டிப் பழகினர். அதே ஆண்டிலேதான் ஒஸ்ரின் இயந்திரம் மைனருக்குள்ளும் நுழைந்தது. ஒஸ்ரினின் அந்த இயந்திரக் குடும்பத்துக்கு ‘ஏ’ வரிசை என்று பெயர்; சன்னியின் இயந்திரத்துக்கும் ‘ஏ’ வரிசை என்றே பெயர். ஒன்று மற்றதன் நேர்வாரிசு என்று நான் சாதிக்க வரவில்லை. ஒரே பள்ளியில் வெவ்வேறு காலத்திற் படித்தவர்கள் என்று கொள்ளலாம்.

இயந்திரத்தை மாற்றலாம் என்று கூறியதனால், எப்படியும் மாற்றலாம் என்று யாரும் கொள்ளற்க. மைனருக்குத் தனியான சட்டகம் கிடையாது. உடலே சட்டகம். இயந்திர அறைக்கும் பயணிகளுக்கும் இடையேயுள்ள தடுப்புத் தகட்டையோ தரைத் தகட்டையோ இடம்போதவில்லையென்று வெட்டியெறிபவர், காரின் முதுகெலும்பிலே வாள்வைக்கிறார். தாங்கிகளைப் புதிதாகச் செய்து துளையிட்டுப் பூட்டுங்கள், பின்னொருநாள் கழற்றிவிடலாம். வெட்டிய தகடு திரும்பி வராது. அடுத்து பிறேக். 948 இயந்திரத்தோடு வந்த மைனரின் முன்பிறேக் ஏழங்குல டிரம். அதுவும் 37 குதிரைவலுவுக்கென வைத்தது. ஏறக்குறைய இரட்டிப்பு வலுவுள்ள இயந்திரத்தை ஏற்றிவிட்டு நிறுத்துவதற்கு வழிதேடாமல் விடுவது மடமை. முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்மூட்டுக்குக் காலந்தவறாது கிறீஸ் இடாவிடில், ஒருநாள் சந்தியிலே திரும்பும்போது சக்கரம் மடிந்து கார் முழந்தாளிடும். கண்ணாடியில் தொங்கவிடும் குஞ்சத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு போதும் இதற்கு!

இனி உட்புறத்துக்கு வருவோம். எனக்கு மனவருத்தம் தருவது இங்கேதான். புதுப்பிக்கப்பட்டதென்று காட்டப்படும் மைனர்கள் சிலவற்றின் கதவைத் திறந்தால், உள்ளே இருப்பது வேறொரு வீடு. யப்பானியக் காரொன்றின் வாளியாசனம்; கறுப்பு றெக்சீன்; நட்டநடுவில் இருந்த வட்டமான பெரிய வேகமானி போய், அவ்விடத்திற் பாட்டுப்பெட்டி. 1954ஆம் ஆண்டு தொட்டு அந்த வேகமானி நடுவிலே வீற்றிருந்தது. சாரதிக்கு மாத்திரமன்றி, பின்னாசனத்திலிருந்து எட்டிப்பார்க்கும் பிள்ளைக்கும் அது வேகஞ் சொன்னது. எண்களை முதன்முதலாக அதிலே வாசித்துப் பழகிய பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்! இயந்திரத்தை நம்மில் யார் கண்டோம்? மூடிக்குள் அது கிடந்தது. நாம் அறிந்தது கதவின் கைபிடியை, சாளரக் கண்ணாடியைச் சுற்றியிறக்கும் பிடியை, வெயிலிற் சூடேறிய ஆசனத்தின் மணத்தை. கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து கைபோல எழுந்து திரும்புதிசை காட்டிய சமிக்ஞைக் கரத்தை, 1961இல் மின்னும் விளக்கு வந்தபோது அவர்களே கைவிட்டனர். அந்தக் கரம் இன்றும் எழுகின்ற கார் ஒன்றைக் காணும்போது, அதனைப் பிடுங்கிப் பொந்தை அடைக்கச் சொல்லும் அறிவுரை எனக்கு விளங்குவதில்லை. பாதுகாப்புக்கு மின்விளக்கை மேலதிகமாகப் பூட்டலாமே.

உட்புறத்தைப் புதுப்பிக்கவே கூடாதென்று சொல்லவில்லை. கிழிந்த ஆசனத்தில் யாரும் குந்தியிருக்க வேண்டியதில்லை. நண்பரின் காருக்குக் குசன் வேலை செய்தவர், பழைய உறையைத் தையல் பிரித்து, அதையே மாதிரியாக விரித்து வெட்டினார். நீளக் கோடுகள் விழும் அதே தையல், ஓரத்தில் அதே வெள்ளைப் பட்டி. உள்ளே இருந்த தும்பு மட்கியிருந்தது, அதனை மாற்றினார். கம்பிச் சுருள்களில் முறிந்தவற்றை மாத்திரம் மாற்றினார். வேலை முடிய மூன்று கிழமை சென்றது. இரண்டு நாளில் புது ஆசனம் பூட்டித்தரக் கொழும்பிலே ஆளிருந்தது உண்மையே. அந்த மூன்று கிழமைக்குள் ஓர் இளைஞன் அவரருகே இருந்து அந்தத் தையலைப் பழகிக்கொண்டான் என்பதும் உண்மை. இத்தகைய கைகள் இந்நாட்டில் குறைவல்ல. மைனரை ஆயுட்காலக் காராக்கலாம் என்று இங்கிலாந்திலே வாதிட்ட சாள்ஸ் வெயர் என்பாரின் முயற்சியால், அக்காரின் உடற்றகடுகள் இலங்கையிலே அடித்து உருவாக்கப்பட்டு இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன. அவர்கள் நம் கையை நம்பினார்கள். நாமோ யப்பானிலிருந்து வந்த பழைய ஆசனத்தை நம்புகிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாற்றியதை மறைத்தல் ஆகாது. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போர், செல்லரித்த இடத்தைத் தம் சொல்லால் நிரப்பினால், அது தம் சொல்லென்று காட்டிவிடுவர். காட்டாதவர் பதிப்பாசிரியர் அல்லர். 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய தாமோதரம்பிள்ளையின் மண்ணிலே இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. புதிய இயந்திரத்தின் இலக்கத்தை மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதிவுசெய்வது சட்டம், அது செய்தேயாகவேண்டும். அதற்குமேலாக, எந்த ஆண்டில் எதை மாற்றினோம், பழையதில் எது மிஞ்சியிருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதிக் காருடன் வைக்கவேண்டும். பழைய இலக்கத்தகட்டையும் அவ்வாறே பேணவேண்டும். 1957க்கு முந்திய ஆங்கில எழுத்துத் தகடாயினும், அவ்வாண்டு ‘ஸ்ரீ’ வந்து நாடே கலங்கிய பின் பூட்டிய தகடாயினும், அது ஒரு சாசனம்.

கழற்றிய இயந்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். இரும்புக்கடைக்காரர் கிலோக் கணக்கிலே விலைபேசிக்கொண்டு வாசலில் நிற்பார். கொடுக்கவேண்டாம். ஸ்பார்க் பிளக் துளைவழியே ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது ஒயில் ஊற்றி, கையாற் சுழற்றிவிட்டு, துளைகளை அடைத்து, வெளியெங்கும் கிறீஸ் பூசிச் சாக்கினாற் சுற்றி, மண்தரையிற் படாமல் இரண்டு பலகைமேல் ஏற்றிவையுங்கள். கராச்சின் மூலையில் அதற்கு வேண்டிய இடம் ஒரு நெல்மூடை அளவுதான்.