ரோடே இல்லாத ஊர்ல இருந்து ஒரு எம்.பி!

25 வயசுல நாம என்ன பண்ணிட்டு இருப்போம்? அரியர் எல்லாம் க்ளியர் பண்ணி, ஒரு வேலை தேடிப் பிடிச்சு, பைக்குக்கு முதல் இ.எம்.ஐ. கட்டிட்டு இருப்போம். முமிலாக் காகாக்ங்கிற பெண், 2019 அக்டோபர்ல அதே 25 வயசுல கனடா நாடாளுமன்றத்துக்கு எம்.பி. ஆயிட்டாங்க! தொகுதி, நுனாவுட். ஆர்க்டிக் பகுதியில இருக்கு. பரப்பளவு சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது, இந்தியாவுல பாதிக்கும் மேல! ஆனா, மக்கள்தொகை சுமார் 40 ஆயிரம்தான். அவங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு எம்.பி.

இதுக்கு முன்னாடியே அவங்க அந்த சபைக்குள்ள போயிருக்காங்க. 2017 மகளிர் தினத்தன்னிக்கு, தொகுதிக்கு ஒருத்தர்னு 338 இளம்பெண்களை எம்.பி. நாற்காலிகள்ல உட்கார வெச்சாங்க. அங்கே எழுந்த முமிலாக், தங்கள் மண்ணுல தற்கொலைக்குப் பறிகொடுக்கிற இளைஞர்களைப் பத்திப் பேசினாங்க. மொத்த சபையும் எழுந்து நின்னு கைதட்டுச்சு. ரெண்டரை வருஷம் கழிச்சு அதே சபைக்கு, ஓட்டு வாங்கி ஜெயிச்சு வந்தாங்க.

25 ஊர்... இணைக்க ஒரு ரோடு இல்ல!

நுனாவுட்ல மொத்தம் 25 ஊர்கள். ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு ரோடு கிடையாது. தெற்கே இருக்கிற கனடாவுக்கும் கிடையாது. எங்கே போகணும்னாலும் விமானம்தான். அரிசி, சிமென்ட், ஆணி எல்லாம் ஐஸ் உருகுற சில மாசம் மட்டும் கப்பல்ல வரும். அந்தக் கப்பலை விட்டா, அடுத்தது அடுத்த வருஷம்தான்!

கரன்ட்? ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி டீசல் மின்நிலையம். ஒரு ஊர்ல இன்ஜின் படுத்துடுச்சுன்னா பக்கத்து ஊர்ல இருந்து கரன்ட் இழுக்க முடியாது. ஏன்னா, கிரிட்டே இல்ல. வருஷத்துக்குத் தேவையான டீசலும் கப்பல்லதான் வந்தாகணும்.

சிவில் மக்களே, இது உங்களுக்கு. அங்கே தரைக்குக் கீழே வருஷம் முழுக்க உறைஞ்சே கிடக்கிற மண். வீட்டோட சூடு இறங்கினா அந்த மண்ணு இளகும், வீடு சாயும். அதனால, தூண் அடிச்சு, வீட்டைத் தரையில இருந்து தூக்கிக் கட்டுறாங்க. அடியில குளிர்காத்து ஓடிக்கிட்டே இருக்கணும். பெரும்பாலான ஊர்கள்ல தண்ணிக் குழாயைப் புதைக்கவும் முடியாது. லாரி வந்து வீட்டு டேங்க்ல தண்ணியை ஊத்திட்டுப் போகும். இன்னொரு லாரி வந்து கழிவுநீரை உறிஞ்சிட்டுப் போகும். குழாய் வசதி இருக்கிற தலைநகர் இக்கலூயிட் மட்டும் நிம்மதியா இருக்கான்னா, அதுவும் இல்ல. 2021 அக்டோபர்ல குடிநீர்ல எரிபொருள் கலந்து, சுமார் ரெண்டு மாசம் குழாய்த் தண்ணியைக் குடிக்க முடியாமப் போச்சு.

முமிலாக்கோட சொந்த ஊர் பேக்கர் லேக். அங்கே இருந்து 110 கிலோமீட்டருக்கு ஒரு ரோடு போகுது. எங்கேன்னு கேட்கறீங்களா? தங்கச் சுரங்கத்துக்கு! ஆக, உறைமண்ணுல ரோடு போடத் தெரியாம இல்ல. யாருக்காகப் போடணும்ங்கிறதுதான் கேள்வி.

2020-ல முமிலாக் ஊர் ஊரா விமானத்துல போய், வீடு வீடா ஏறிப் பார்த்தாங்க. பூஞ்சை படிஞ்ச சுவர், ரெண்டு ரூம்ல முட்டி மோதி வாழற குடும்பங்கள்... எல்லாத்தையும் பதிவு பண்ணி, 2021 மார்ச்ல 'சிக் ஆஃப் வெயிட்டிங்'னு ஓர் அறிக்கை வெளியிட்டாங்க. காத்திருந்து அலுத்துட்டோம்னும் எடுத்துக்கலாம். காத்திருந்தே நோயாளி ஆயிட்டோம்னும் எடுத்துக்கலாம். ரெண்டும் நிஜம். அங்கே வாழற இனுயிட் மக்கள்ல பாதிக்கும் மேல நெரிசலான வீடுகள்லதான் இருக்காங்க. 2016-ல இனுயிட் மக்களிடையே காசநோய் விகிதம், கனடாவுல பிறந்த பூர்வகுடி அல்லாதவங்களைவிட சுமார் 300 மடங்கு! 2030-க்குள்ள ஒழிச்சுடுவோம்னு 2018-ல அரசாங்கம் வாக்குறுதி கொடுத்திருக்கு.

'முதல்ல ரோடு... அப்புறம் மொழி!'

'இவ்வளவு பிரச்னை இருக்கிற இடத்துல மொழியைப் பத்தி என்ன பேச்சு?'னு உங்களுக்குத் தோணலாம். ஆனா, கொஞ்சம் யோசிங்க. கிராமத்து சுகாதார நிலையத்துல ஒரு பாட்டி. அவங்களுக்குத் தெரிஞ்சது இனுக்டிடுட் மட்டும்தான். தெற்கே இருந்து வந்திருக்கிற நர்ஸுக்கு அது ஒரு வார்த்தை தெரியாது. எங்கே வலிக்குது, எத்தனை நாளா வலிக்குது, சொல்றது எப்படி? அந்த அறையில, மருந்து எவ்வளவு முக்கியமோ மொழியும் அவ்வளவு முக்கியம்.

அந்த மொழி தானாத் தேயலை. பிள்ளைகளைக் குடும்பத்துல இருந்து பிரிச்சு, விடுதிப் பள்ளிகள்ல அடைச்சு, தாய்மொழியில பேசினா தண்டிச்ச வரலாறு அங்கே இருக்கு. அதுக்கு 2008-ல கனடா பிரதமர் நாடாளுமன்றத்துலயே மன்னிப்புக் கேட்டார். அதே வருஷம் நுனாவுட் சட்டசபை தங்கள் மொழியைக் காப்பாத்த ஒரு சட்டம் போட்டுச்சு. 2019-க்குள்ள எல்லா வகுப்புலயும் இனுயிட் மொழிக் கல்விங்கிறது இலக்கு. ஆசிரியர்கள் போதலை. 2020-ல சட்டத்தைத் திருத்தி, முழுசா வந்து சேர்ற வருஷத்தை 2039-க்குத் தள்ளி வெச்சுட்டாங்க!

இப்ப ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. குடியிருக்க வீடு கிடைக்காத ஊர்ல புது ஆசிரியர் எங்கே தங்குவார்? பத்துப் பேர் படுத்திருக்கிற ஹால்ல உட்கார்ந்து, டீச்சர் ட்ரெயினிங்குக்கு யார் படிக்க முடியும்? வீட்டுப் பிரச்னையும் மொழிப் பிரச்னையும் ஒரே ஃபைல்தான் பாஸ். ஒண்ணை முடிச்சுட்டு இன்னொண்ணை எடுக்கலாம்னு வெச்சா, ரெண்டும் முடியாது.

நுனாவுட் சட்டசபைத் தேர்தல்ல இனுயிட் எழுத்துலயும் ஓட்டுச்சீட்டு உண்டு. ரொம்ப அழகான எழுத்து அது. மேல் பார்த்த முக்கோணம் 'பி', வலது பக்கம் திருப்பினா 'பு', இடது பக்கம் திருப்பினா 'ப'! இந்த மாதிரி பூர்வகுடி மொழிகளை நாடாளுமன்றத் தேர்தல் சீட்டுலயும் கொண்டுவரணும்னு 2021-ல முமிலாக் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தாங்க. அது சட்டமாகலை.

2021 ஜூன் 15. சபையில அவங்களோட விடைபெறும் பேச்சு. அடுத்த தேர்தல்ல நிக்கப் போறதில்லைன்னு ஏற்கெனவே சொல்லியாச்சு. எம்.பி-யான தன்னையே காவலர்கள் துரத்தி வந்து நிறுத்தின அனுபவத்தைச் சொன்னாங்க. இந்தக் கட்டடத்துல தான் ஒருநாளும் பாதுகாப்பா உணரலைன்னாங்க. 2017-ல கைதட்டின அதே சபைதான்! கைதட்டுறதுக்குப் பைசா செலவில்லை. வீடு கட்ட செலவாகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

'அப்போ, அவங்க தோத்துட்டாங்களா?'னு கேட்டா, எனக்கு அப்படித் தோணலை. அதே வருஷம் செப்டம்பர்ல அந்தத் தொகுதியில ஜெயிச்ச லோரி இட்லவுட்டும் ஓர் இனுயிட் பெண்தான், வழக்கறிஞர். அவங்க சபையில எழுந்து இனுக்டிடுட்லயே பேசினாங்க, மத்த எம்.பி-க்கள் ஹெட்போனை மாட்டி மொழிபெயர்ப்பைக் கேட்டாங்க. அடுத்த வருஷமே அந்த ஓட்டுச்சீட்டு மசோதாவைத் திரும்பத் தாக்கல் பண்ணாங்க. அதுவும் சட்டமாகலை. ஆனா, 2025 தேர்தல்ல மறுபடியும் லோரியைத்தான் ஜெயிக்க வெச்சாங்க நுனாவுட் மக்கள்.

அடுத்த தடவை கேன்டீன்ல யாராவது, 'முதல்ல ரோட்டைப் போடுங்க, மொழியை அப்புறம் பார்த்துக்கலாம்'னு ஆரம்பிச்சா, அந்தப் பாட்டியையும் நர்ஸையும் கொஞ்சம் ஞாபகப்படுத்துங்க. அப்படியே அந்த 110 கிலோமீட்டர் ரோட்டையும்!