அலை யார் கணக்கில்?

தீவுப்பகுதிக் கடலில் ஓடும் படகுகளின் வேகத்தைப் பற்றி வாய் திறந்தால், ‘முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறீர்களா?’ என்று சீறுவோர் எம்மிடையே உளர். குமுதினிப் படகில் நெடுந்தீவு மக்கள் பல பத்தாண்டுகளாக அலைக்கழிந்த கதையை அவர்கள் எடுத்துரைப்பர். அக்கதை உண்மையே. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். சோளகம் சீறும் நாட்களில் அதற்கும் உறுதியில்லை. பிரசவ வேதனையிலுள்ள பெண்ணை ஏற்றிவரும் படகு விரையலாகாது என்று எந்த மூடனும் சொல்லான். எமது கேள்வி வேறு. அன்றாடம் அவசியமின்றி விரையும் வேகத்தின் விலையைக் கொடுப்பவர் யார்?

தீவுகளுக்கு இடைப்பட்ட கடல் பல இடங்களில் ஆழமற்றது. இடுப்பளவு நீரில் தடி நட்டுச் சிறகுவலை கட்டுவோரும், சிறுவள்ளத்தில் நின்று நண்டுவலை எடுப்போரும் அங்கேதான் சீவனம் நடத்துகின்றனர். இயந்திரப் படகு எழுப்பும் அலை, அப்படகு கடந்து சென்ற பின்னரே அவர்களை வந்தடைகிறது. தண்டையலின் கண் முன்னோக்கியே இருக்கிறது. பின்னால் சாய்ந்த வள்ளத்தையும் ஆட்டங்கண்ட தடியையும் அவர் காண்பதில்லை. காணாத சேதம் நடவாத சேதமாகிவிடுகிறது. அலையின் உயரம் இருமடங்கானால் அதன் சக்தி நான்கு மடங்காகும் என்று வகுப்பறையில் படிப்பிக்கிறோம். அந்தப் பாடம் இறங்குதுறையுடன் முடிந்துவிடுகிறது போலும்!

‘வள்ளத்தைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தோமே’ என்பது வழக்கமான சமாதானம். இந்தச் சமாதானத்தை சற்று ஆராய வேண்டும். ஆழங்குறைந்த நீரில் அலை ஓடக்கூடிய வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆழம் 2 மீற்றராயின் அது மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீற்றர். 1 மீற்றராயின் ஏறத்தாழ 11. அவ்வெல்லையை ஒட்டி ஓடும் படகு, தன் அலையைத் தானே துரத்திச் சென்று மேன்மேலும் குவிக்கிறது. ஆகவே, முழுவேகத்தில் வந்து, வள்ளத்தின் அருகில் அரைவேகத்துக்கு இறங்குபவர் தாம் தவிர்க்க நினைத்த பேரலையையே அவ்விடத்தில் எழுப்பிவிடக்கூடும். எட்டத்திலேயே, நடைவேகத்துக்கு இறங்குவதுதான் உண்மையான குறைப்பு. அலை கிளறும் சேற்றின் கதை இன்னொன்று. அது நீரைக் கலக்கி, கடற்புல்லுக்கு வேண்டிய வெளிச்சத்தை மறைக்கிறது. இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தில் ஒதுங்கும் இடம் அக்கடற்புல்லே.

இதையெல்லாம் ‘மரியாதை’ என்ற சொல்லுக்குள் அடக்கிவிடுவது எமக்கு உடன்பாடன்று. மரியாதை என்பது பெரியவர் மனமிரங்கிச் சிறியவருக்கு ஈயும் பிச்சையாகிவிடும். விரும்பினால் ஈயலாம், இல்லையேல் விடலாம். 1972 ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல்மோதல் தடுப்பு விதிகள் பிச்சை பற்றிப் பேசவில்லை. ஒவ்வொரு கலமும் எந்நேரமும் பாதுகாப்பான வேகத்தில் செல்ல வேண்டும் என்கின்றன. வலை விரித்து இயக்கம் கட்டுப்பட்டு நிற்கும் மீன்பிடிக் கலத்துக்கு இயந்திரக் கலமே விலகிச் செல்ல வேண்டும் என்கின்றன. ஒடுங்கிய வாய்க்காலில் மீன்பிடிக் கலம் பிறர் பயணத்தைத் தடுக்கலாகாது என்ற விதியும் உண்டென்று சிலர் நினைவூட்டுவர். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவ்விதியால் எதிரே வருபவரின் கடமை நீங்கிவிடாது என்பதையும் அதே விதிகள் சொல்கின்றனவே! கடற்படையின் படகாயினும், ஆனித் திருவிழாவுக்கு நயினாதீவு நோக்கி அடியாரைச் சுமந்து செல்லும் படகாயினும், சாயும் வள்ளத்துக்கு வேறுபாடு தெரியாது.

இத்தாலியின் வெனிசு நகரத்தார் இயந்திரப் படகுகளின் அலையை எதிர்த்து 1975 இல் துடுப்புப் படகுகளில் திரண்டு வலித்தனர். ஆண்டுதோறும் அந்தத் துடுப்போட்டம் தொடர்ந்து வந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் பெருங்கப்பல்கள் அந்நகரின் நடுக் கால்வாயிலிருந்து விலக்கப்பட்டன. அங்கே இடியும் மாளிகைச் சுவர் உலகின் கண்ணில் படுகிறது. புங்குடுதீவுக் கடலில் அறுந்த வலைக்கு அத்தகைய புகழ் ஏது?

இழுவைமடி மீன்பிடியை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடை செய்தபோது நாம் வரவேற்றோம். அக்கரையிலிருந்து வரும் பெரிய இழுவைப் படகு எமது சிறுமீனவரின் வலையை அறுக்கும்போது நியாயம் பேசுகிறோம்; பேசவும் வேண்டும். அதே வலையை எமது பயணிகள் படகு அலைக்கழிக்கும்போது மட்டும் நியாயம் ஏன் நாக்கை மடித்துக்கொள்கிறது?

விடை சற்றுக் கசப்பானது. அந்தப் படகில் இருப்பவர்கள் நாமே. காலையில் தீவுப் பாடசாலைகளுக்குச் செல்லும் ஆசிரியர்களும் அலுவலர்களுமே ‘கெதியாய் விடுங்கோ அண்ணை’ என்று தண்டையலை நெருக்குகின்றனர். பிந்தினால் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழும். எனவே குற்றத்தைத் தண்டையலின் தலையில் ஏற்றுவதும் நேர்மையன்று; கூலிக்கு உழைக்கும் அவர் எமது அவசரத்தையே ஓட்டுகிறார். காற்றையும் நீரோட்டத்தையும் அறியாத பதிவேடு ஒன்று, கடலில் நிற்கும் மீனவரின் வலையின்மேல் கோடு கிழிக்கிறது.

எமது ஆசிரியர் சங்கங்கள் இடமாற்றத்துக்கும் சம்பளத்துக்கும் குரல் கொடுக்கின்றன. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுடன் ஒரே மேசையில் அமர்ந்து, வலை நிற்கும் இடங்களைக் குறித்து, அங்கே மிதவைக் குறிகளும் வேக எல்லையும் வேண்டுமென்று அவை கோரட்டும். அதனோடு, படகு கரைசேரும் நேரத்துக்கு ஏற்பத் தீவுப் பாடசாலைகளின் தொடக்க நேரத்தை மாற்றும்படியும் கேட்கட்டும். அதற்கு வேண்டியது ஒரு சுற்றறிக்கை; புதிய இயந்திரமோ மேலதிக எரிபொருளோ வேண்டியதில்லை.